கிளையை இழந்த கடைத்தெரு

2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் அதன் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் இணைந்தன. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கியும் தேனா வங்கியும் பாங்க் ஆஃப் பரோடாவுக்குள் சென்றன. அடுத்த ஆண்டு அதே நாளில் பத்து பொதுத் துறை வங்கிகள் நான்காகச் சுருங்கின. சிண்டிகேட் கனராவுடனும், அலகாபாத் இந்தியன் வங்கியுடனும், ஆந்திரா, கார்ப்பரேஷன் இரண்டும் யூனியன் வங்கியுடனும், ஓரியண்டல், யுனைடெட் இரண்டும் பஞ்சாப் நேஷனல் வங்கியுடனும் சேர்ந்தன. 27 ஆக இருந்த பொதுத் துறை வங்கிகள் 12 ஆயின. ஒரே தெருவில் எதிரெதிரே இருந்த இரண்டு வங்கிகள் ஒன்றாகிவிட்டால் இரண்டு வாடகையும் இரண்டு மேலாளர்களும் இரண்டு பெட்டக அறைகளும் எதற்கு என்ற கேள்வி தானாகவே எழும். அதற்கு விடை சொல்லும் வேலை உடனே தொடங்கியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு ரிசர்வ் வங்கி அளித்த பதிலின்படி, 2020-21 நிதியாண்டில் மட்டும் 10 பொதுத் துறை வங்கிகளின் 2,118 கிளைகள் நிரந்தரமாக மூடப்பட்டன அல்லது வேறு கிளைகளோடு சேர்க்கப்பட்டன. அதிகபட்சமாக பாங்க் ஆஃப் பரோடாவில் 1,283 கிளைகள். ஸ்டேட் வங்கியில் 332, பஞ்சாப் நேஷனல் வங்கியில் 169, யூனியன் வங்கியில் 124, கனராவில் 107, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 53. இந்தியன் வங்கியில் வெறும் 5.

தனியார் வங்கிகள் புதிய கிளைகளைத் திறந்துகொண்டே இருப்பதால் நாட்டின் மொத்தக் கிளை எண்ணிக்கை குறையவில்லை, கூடியே இருக்கிறது. ஆகவே கிளை மூடல் என்ற பேச்சே மிகை என்று வங்கித் தரப்பில் சொல்வதுண்டு. கணக்குப்படி அது சரிதான். பேரூராட்சியின் கடைவீதியில் முப்பது ஆண்டுகளாக இருந்த கிளை போய், மாவட்டத் தலைநகரின் புறவழிச்சாலை ஓரத்தில் குளிரூட்டிய புதுக் கிளை வந்தால், பட்டியலில் ஒன்று கழிந்து ஒன்று கூடும். பேரூராட்சியில் மளிகைக்கடையோ இரும்புக்கடையோ வைத்திருப்பவருக்கு அந்தக் கூட்டலால் பயன் எதுவும் இல்லை. எத்தனை கிளைகள் என்பதோடு, எங்கே, யாருக்காக, எந்த வேலைக்காக என்றும் கேட்டால்தான் மூடலின் விளைவு கண்ணில் படும்.

கடைவீதியில் பிறந்த வங்கிகள்

தமிழ்நாட்டில் வங்கிக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவு பழையது. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, கரூரில் 1916இல் வந்த கரூர் வைசியா வங்கி, தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி என்ற பெயரில் பிறந்து பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆன நிறுவனம், மீண்டும் கரூரில் 1926இல் எழுந்த லட்சுமி விலாஸ் வங்கி எல்லாமே உள்ளூர் வியாபாரிகளின் முதலிலும் அவர்களின் தேவையிலும் உருவானவை. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943இல் மதுரையில் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரையும் இந்த வரிசையைச் சேர்ந்ததே.

இவற்றில் பல இன்று பெயரளவில்கூட இல்லை. பாங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990இல் இந்தியன் வங்கியோடும், திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட பாங்க் ஆஃப் தமிழ்நாடு அதே ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடும் சேர்ந்தன. பாங்க் ஆஃப் மதுரை 2001இல் ஐசிஐசிஐ வங்கிக்குள் போனது. நெருக்கடியில் சிக்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியுடன் இணைக்கப்பட்டது. இணைப்பு ஒவ்வொன்றும் வைப்புதாரரின் பணத்தைக் காப்பாற்றியது. அதை மறுக்க முடியாது. கடன் வாங்கியவர் வேறு ஒன்றை இழந்தார். தன்னைத் தெரிந்துவைத்திருந்த வங்கி அவருக்கு இல்லாமல் போனது.

அகில இந்திய அளவிலும் கிளைகள் தாமாகப் பெருகவில்லை. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது நாட்டில் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262. வங்கி ஏற்கெனவே உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும் என்ற விதி 1977 முதல் 1990 வரை நடப்பில் இருந்தது. 1991 வாக்கில் கிளைகள் 60,000ஐத் தொட்டன. அவற்றில் 35,000க்கும் மேற்பட்டவை கிராமப்புறத்தில் இருந்தன. இந்தக் காலத்தை ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை, கிளைகள் போய்ச் சேர்ந்த மாநிலங்களில் கிராமப்புற வறுமை குறைந்ததையும், விவசாயம் சாராத தொழில்களின் உற்பத்தி கூடியதையும் காட்டியது. நான்கு ஊர் விதி போனதும், வங்கித் துறைச் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்த நரசிம்மம் குழுவுக்குப் பிந்தைய காலத்தில் கிராமக் கிளைகள் மெல்லத் தேய்ந்து, 2000களின் நடுவில் சுமார் 30,500க்கு இறங்கின. இன்றைய மூடல்களுக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் ஒரு தொலைபேசி அழைப்பும்

சிறு வணிகருக்குக் கிளை எதற்கு என்று கேட்டால், 'பணம் போட, பணம் எடுக்க' என்பதே பொதுவான பதில். கைப்பேசியில் பணம் அனுப்பும் காலத்தில் அந்தப் பதிலுக்கு வலுவில்லை. ஆனால், கடைவீதியில் கிளை செய்துவந்த பெரிய வேலை அது அல்ல.

கேஷ் கிரெடிட் கணக்கை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 'சிசி' என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தக் கணக்கில், கடையில் உள்ள சரக்கே ஈடு. மாதம் ஒருமுறை ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். கடையில் 8 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி 2 லட்சம் என்றால், மீதி 6 லட்சம். அதில் கால் பங்கை மார்ஜினாகக் கழித்தால் 4.5 லட்சம். வரம்பு எவ்வளவு இருந்தாலும் அந்த மாதம் கடைக்காரர் எடுக்கக்கூடியது இவ்வளவுதான். இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதிகாரி ஒருவர் கடைக்கு வந்து சரக்கைப் பார்க்க வேண்டும். மூட்டைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பவர், போகிற போக்கில் வேறு பலவற்றையும் பார்த்துவிடுவார். சரக்கு ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா, மகன் கடையில் உட்கார ஆரம்பித்துவிட்டாரா, பக்கத்தில் புதுக் கடை வந்திருக்கிறதா என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் இல்லை. தீபாவளிக்கு முன் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக ஒரு லட்சம் வேண்டும் என்று அதே கடைக்காரர் கேட்கும்போது, மேலாளரின் முடிவு பாதி அந்தப் பார்வையில் இருந்துதான் வரும்.

இன்னொன்று, காலையில் வரும் தொலைபேசி அழைப்பு. கடைக்காரர் கொடுத்த காசோலை பரிவர்த்தனைக்கு வந்திருக்கிறது. கணக்கில் இருபதாயிரம் குறைகிறது. 'மதியத்துக்குள்ள கட்டிடுங்க அண்ணாச்சி' என்று கிளையிலிருந்து ஒருவர் சொன்னால் போதும், பணம் எங்கிருந்தாவது வந்துவிடும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் காசோலை திரும்பும். அபராதம் ஒரு பக்கம்; மொத்த வியாபாரி இனி ரொக்கத்துக்குத்தான் சரக்கு என்பார்; விஷயம் முற்றினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கும் வரலாம். காசோலைகள் ஒளிப்படமாகச் சென்று மையத்தில் பைசலாகத் தொடங்கிய பிறகே இந்த அழைப்புகள் குறைந்துவிட்டன. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளைத் தொடர்ச்சியாகச் சில மணி நேரத்துக்குள் பைசல் செய்யும் முறை வந்திருக்கிறது. பணம் விரைவில் கிடைக்கும் என்பது பெரிய நன்மை. குறையும் பணத்தைக் கட்ட இருந்த அவகாசம் சுருங்கியதும் அதனால்தான்.

கிளைகள் இருக்கும் ஊரிலும் கடன் முடிவு மேலாளரின் மேசையிலிருந்து நகர்ந்துவருகிறது. பெரும்பாலான வங்கிகள் சிறு தொழில் கடன்களைப் பரிசீலிக்க மண்டல அளவில் மையங்களை வைத்திருக்கின்றன. ஜிஎஸ்டி கணக்கு, சிபில் மதிப்பெண், கணக்கின் வரவு செலவு ஆகியவற்றை அங்கே இருப்பவர் திரையில் பார்த்து முடிவெடுக்கிறார். பில் போட்டு விற்பவருக்கு இதனால் உதவிதான். முன்பு மேலாளரின் தயவுக்காகவும் சிபாரிசுக்காகவும் காத்திருந்தவர்கள் உண்டு. மேலாளரின் சாதி, ஊர், பழக்கம் எல்லாம் கடனில் விளையாடிய காலத்தைப் பொற்காலமாக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், விற்றுமுதலில் பாதி ரொக்கமாகவே புழங்கும் கடைக்காரர், திரையில் தெரிவதைவிட எப்போதும் சிறியவராகவே தெரிவார். அந்த இடைவெளியை நிரப்பி, 'இவருக்குக் கொடுக்கலாம்' என்று குறிப்பெழுதும் ஆள் கிளையில்தான் இருந்தார். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈடில்லாமல் 10 லட்சம் வரை கொடுக்கலாம். ஏற்கெனவே வாங்கி ஒழுங்காகத் திருப்பியவருக்கு இப்போது 20 லட்சம் வரைகூட உண்டு. ஈடு இல்லாத கடனில்தான் ஆளைத் தெரிந்திருப்பதற்கு அதிக மதிப்பு.

மிட்செல் பீட்டர்சனும், பின்னாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரான ரகுராம் ராஜனும் 1994இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுதான்: சிறு நிறுவனம் ஒரு வங்கியோடு நீண்ட, நெருக்கமான உறவு வைத்திருந்தால் அதற்குக் கடன் எளிதில் கிடைக்கிறது. அந்த உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஹொய்-லூ நுயன் 2019இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டது. அவர் எடுத்துக்கொண்டது 2000களில் வங்கி இணைப்புகளால் மூடப்பட்ட கிளைகளை. நொடித்துப்போன ஊரில் கிளை மூடுவதும் கடன் குறைவதும் சேர்ந்தே நடக்கும். எதனால் எது என்று பிரிக்க முடியாது. இணைப்பால் மூடப்படும் கிளைக்கோ ஊரின் நிலை காரணமாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் ஆண்டுக்குச் சுமார் 47 லட்சம் டாலராக இருந்த புதிய சிறு தொழில் கடன், கிளை மூடிய பிறகு 4,53,000 டாலர் குறைந்தது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்தச் சரிவு ஆறு ஆண்டுகள் வரை நீடித்தது. பாதிப்பு ஆறு மைலைத் தாண்டிப் பரவவில்லை. கடைவீதிக்கு நேர்ந்தது கடைவீதியோடு நின்றது என்பதால்தான் மாநிலப் புள்ளிவிவரங்களில் அது தென்படுவதே இல்லை.

இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்துவது சரியாகாது. இங்கே சுய உதவிக் குழு, கூட்டுறவுக் கடன் சங்கம், சீட்டு, நகைக்கடன் நிறுவனம் என்று மாற்று வழிகள் வேறு மாதிரி. இணைப்பின்போது நடப்பது மட்டும் ஒன்றே. 2021 ஜூலை 1 முதல் சிண்டிகேட் வங்கியின் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் செல்லாமல் போயின. காசோலைப் புத்தகங்கள் மாறின. கணக்கு வேறு கிளைக்குப் போனது. கடைக்காரரின் பழைய கோப்பு புதுக் கிளையின் அலமாரிக்கு வந்துசேரும். பத்து ஆண்டுகளாக அந்தக் கோப்பைப் படிக்காமலேயே அதில் உள்ளதைச் சொல்லக்கூடிய எழுத்தரும் கடைநிலை ஊழியரும் இடமாற்றத்தில் வேறெங்கோ போயிருப்பார்கள்.

தண்டல்காரர் தவறாமல் வருகிறார்

வங்கி விலகும் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பது கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். நூறு நாள் தண்டலில் 10,000 ரூபாய் கேட்டால் 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். கடன் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வரும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தனிச் சட்டமே வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி என்று சட்டம் பெயர் சொல்லித் தடுத்தவை இன்னும் வழக்கொழியவில்லை.

வட்டி இவ்வளவு என்று தெரியாமல் யாரும் வாங்குவதில்லை. தண்டல்காரர் கடைக்கே வருகிறார், மாலை ஏழு மணிக்கு வருகிறார், படிவம் கேட்பதில்லை, கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்வதில்லை. கடைக்காரரின் பொழுதோடு அவருடைய பொழுது ஒத்துப்போகிறது. ஒரு காலத்தில் வங்கிகளும் இதைச் செய்தன என்பது நினைவில் இருக்க வேண்டும். உடுப்பியில் 1925இல் நெசவாளர்களுக்கு உதவத் தொடங்கப்பட்டு, பின்னர் சிண்டிகேட் வங்கி ஆன நிறுவனம், 1928இல் பிக்மி டெபாசிட் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முகவர் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் வந்து இரண்டணா அளவிலான தொகையைக்கூட வாங்கிப் பதிந்துகொள்வார். வாசலுக்கு வந்து சிறு தொகை வசூலிக்கும் அந்த வேலையை வங்கித் துறை மெல்லக் கைவிட, தண்டல் அதைக் கடன் பக்கமாகத் திருப்பி எடுத்துக்கொண்டது. க்யூஆர் அட்டை ஒட்டிக் கொடுக்கும் நிறுவனங்களும் இப்போது கடைக்காரரின் விற்பனையைப் பார்த்துக் கடன் ஏற்பாடு செய்து, தினசரி வரவில் பிடித்துக்கொள்கின்றன. தண்டலைவிட வட்டி குறைவாக இருக்கலாம். வங்கியின் சிசி வட்டியோடு ஒப்பிட்டால் எட்டாத உயரம்தான்.

அவசரத்துக்குக் கடைக்காரர் நாடும் இன்னொரு வழி நகைக்கடன். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் நடைமுறை மூலதனத்தில் பெரும் பங்கு மனைவியின் கழுத்திலிருந்து வருகிறது என்று சொன்னால் மிகையாகாது. பொதுத் துறை வங்கிக் கிளையில் இருந்த நகை மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அதே ஊரின் பொற்கொல்லர். மதிப்பீட்டுக்குக் கமிஷன் வாங்குபவர். கிளை போனால் அவருக்கும் வேலை இல்லை. நகை அடுத்த தெருவின் தனியார் நிறுவனத்துக்குப் போகும். அங்கே பணம் பத்து நிமிடத்தில் கிடைக்கும், வட்டி கூடுதலாக இருக்கும், தவணை தப்பினால் ஏல அறிவிப்பும் சீக்கிரம் வரும்.

சில்லறை, நோட்டு, ஆள் நடமாட்டம்

யுபிஐ 2016இல் வந்தது. 2024-25 நிதியாண்டில் அதன் வழியே 18,500 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. மதிப்பு 260 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. டீக்கடை வரை வந்துவிட்ட இந்த வசதி சிறு வணிகருக்கு நிஜமான ஆதாயம். ஆனால், ரொக்கம் ஒழிந்துவிடவில்லை. 2016 மார்ச்சில் 16.4 லட்சம் கோடியாக இருந்த புழக்க நோட்டுகளின் மதிப்பு, 2024 மார்ச்சில் 34.8 லட்சம் கோடி ஆனது. பணமதிப்பு நீக்கத்துக்கு முன் இருந்ததைப் போல இரு மடங்கு. உரக்கடையிலும் காய்கறி மண்டியிலும் மாலையில் கல்லாவில் சேர்வது இன்னமும் கட்டுக்கட்டான நோட்டுதான்.

அதை எங்கே கட்டுவது? கிளை அடுத்த ஊருக்குப் போய்விட்டால், தனி ஆளாகக் கடை நடத்துபவர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டும். பேருந்து, வரிசை, 'சர்வர் டவுன்' எல்லாம் சேர்ந்தால் அரை நாள் வியாபாரம் போகும். பையில் பணத்தோடு இரு சக்கர வாகனத்தில் போகும் அபாயம் வேறு. தினமும் போக முடியாததால் மூன்று நாள் பணம் வீட்டில் சேரும். கிளைக்கு மாற்று என்று காட்டப்படும் வங்கி முகவர் மையத்தில் ஆதார் கைரேகை வழிப் பரிவர்த்தனைக்கு ஒரு முறைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு. ஓய்வூதியம் வாங்கும் மூதாட்டிக்கு அது போதும். அரிசிக் கடைக்குப் போதாது. பணம் போடும் இயந்திரம் நோட்டுகளை வாங்கும், நாணயங்களை வாங்காது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் சுற்றியது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் வாடிக்கையாளர் கொடுத்த நாணயத்தை வாங்கிய கடைக்காரர், அதைத் தள்ளிவிட வழியில்லாமல் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்பது வங்கிக் கிளைகளுக்கு உள்ள கடமை. கிளையே இல்லாவிட்டால் அந்த உத்தரவை யாரிடம் காட்டுவது?

யுபிஐ வணிகருக்குக் கிளை தேவைப்படும் சந்தர்ப்பம் ஒன்றும் புதிதாக முளைத்திருக்கிறது. இணையவழி மோசடியில் கைமாறிய பணத்தில் சிறு தொகை, பொருள் வாங்கியவர் மூலம் கடைக்காரர் கணக்குக்கு வந்திருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துக் காவல் துறையின் கடிதத்தால் இவரது கணக்கு முடக்கப்படுகிறது. எந்த வழக்கு, எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்று அறியவே கணக்கு உள்ள கிளைக்குத்தான் போக வேண்டும். செயலியின் உதவிப் பக்கத்தில் இதற்கு வழி இல்லை.

கடன் வாங்காத, ரொக்கம் கட்டாத கடைக்கும் இழப்பு உண்டு. வங்கி வாசலில் ஜெராக்ஸ் கடை, டீக்கடை, முத்திரைத்தாள் விற்பவர், படிவம் நிரப்பிக் கொடுப்பவர் என்று ஒரு சிறு சந்தையே இருக்கும். நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் ஓய்வூதியமும் கணக்கில் ஏறும் நாட்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருபவர்கள், பணத்தை எடுத்த கையோடு மளிகையும் மருந்தும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் பணம் எடுக்க வேறு ஊருக்குப் போனால், வாங்குவதும் அங்கேதான்.

பிரிட்டன் காட்டும் பாதை

கிளை மூடலில் இந்தியாவைவிடப் பல படி முன்னே போய்விட்ட நாடு பிரிட்டன். 2015 ஜனவரி முதல் அங்கே 6,000க்கும் மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. ஊரின் கடைசி வங்கியாக இருந்தால் மூட மாட்டோம் என்று ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம் 2010இல் வாக்குறுதி கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டது. வங்கிகள் தாமாக ஏற்கும் நடத்தை விதிகளால் மூடல் நிற்காது என்பதை நாடாளுமன்றம் உணரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இடைக்காலத்தில் சுமையை ஏற்றது அஞ்சலகம். 2017 முதல் நடப்பில் உள்ள உடன்பாட்டின்படி எல்லாப் பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர்களும் அஞ்சலகத்தில் பணம் போடலாம், எடுக்கலாம். பிரிட்டன் அஞ்சலகங்களில் பெரும்பாலானவற்றைத் தனியார் கடைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களில் தெற்காசியர் அதிகம். இலங்கைத் தமிழரும் கணிசமாக உண்டு. பக்கத்துக் கடைகளின் பணத்தையெல்லாம் எண்ணி வாங்கும் வேலைக்குத் தரப்படும் கட்டணம் போதாது என்பது அவர்களின் நெடுநாள் குறை. வங்கிக் கிளை போனதால் ஒரு கடைக்காரர் இழந்ததை இன்னொரு கடைக்காரர் தன் உழைப்பால் ஈடுகட்டினார்.

2021 ஏப்ரலில் எசெக்ஸ் மாவட்டத்தின் ரோச்ஃபோர்டிலும் கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள கேம்பஸ்லாங்கிலும் பொது வங்கி மையங்கள் சோதனை முறையில் திறக்கப்பட்டன. முன்பக்கம் அஞ்சலகம் நடத்தும் கவுன்டர். பின்பக்க அறையில் ஒவ்வொரு வங்கியின் ஊழியரும் வாரத்தில் ஒரு நாள் முறை வைத்து உட்காருவார். சோதனை வெற்றி பெற்று, மையங்கள் நூறைத் தாண்டிப் பெருகின. 2023ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் ரொக்கம் கிடைப்பதை உறுதிசெய்யும் அதிகாரத்தை ஒழுங்காற்று ஆணையத்துக்குக் கொடுத்தது. 2024 செப்டம்பர் 18 முதல், கிளையை மூடும் முன் அந்த ஊரின் ரொக்கத் தேவையை மதிப்பிட வேண்டும்; குறை இருந்தால் மாற்று வசதி வந்த பிறகே மூட முடியும்.

பாராட்டத்தக்க சட்டம்தான். ஆனால், அது காப்பது ரொக்கத்தை மட்டும். பணம் போடவும் எடுக்கவும் வழி இருக்கிறதா என்று கேட்கும் சட்டம், கடன் பற்றிப் பேச ஆள் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. சிறு வணிகருக்குப் பெரிய இழப்பு எதுவோ அது அங்கேயும் கணக்கில் வரவில்லை.

விதியில் உள்ள ஓட்டை

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2017 மே மாத வழிகாட்டுதலே கிளைகளுக்கான அடிப்படை. அதன்படி வங்கி ஊழியரோ முகவரோ நடத்தும், வாரம் ஐந்து நாளாவது தினம் நான்கு மணி நேரமாவது இயங்கும் நிலையான சேவை இடம் எல்லாமே 'வங்கிச் சேவை மையம்'. முழுக் கிளையும், பெட்டிக்கடை ஓரத்தில் கைரேகைக் கருவியோடு இருக்கும் முகவரும் இந்த வரையறையில் ஒரே வகைக்குள் வந்துவிடுகின்றனர். வங்கியே எட்டாத கிராமங்களுக்குச் சேவையைக் கொண்டுபோக இந்தத் தளர்வு உதவியது. ஒரு கிளையை மூடிவிட்டு முகவரை வைத்தாலும் ஊருக்கு வங்கிச் சேவை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வழி செய்ததும் இதே தளர்வுதான்.

மூடலுக்கும் அதே வழிகாட்டுதலில் விதி உண்டு. கிராமக் கிளையையோ, சிறு நகரத்தின் ஒரே கிளையையோ மூடவோ இணைக்கவோ இடம் மாற்றவோ மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மற்ற எல்லாக் கிளைகளையும் வங்கி தன் விருப்பப்படி மூடலாம். 10,000 முதல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்களே விதியின் கணக்கில் சிறு நகரம். தமிழ்நாட்டின் வணிகம் அடர்ந்திருக்கும் பேரூராட்சிகளில் பலவும் சிறு நகராட்சிகளும் இந்த வகையில்தான் வரும். அங்கே இரண்டு, மூன்று வங்கிகள் இருப்பது இயல்பு. ஆகவே, எந்தக் கிளையும் 'ஒரே கிளை' அல்ல. எதை மூடவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இணைப்பின் கத்தி அதிகம் விழக்கூடிய இடத்தில்தான் விதியின் பாதுகாப்பு இல்லை.

எந்தக் கிளையையும் மூடவே கூடாது என்பது தீர்வாகாது. இரண்டு ஊழியர்களோடு, பாதி நாள் இணைப்பு இல்லாமல் கிடக்கும் கிளை பலகைக்காக மட்டும் இருப்பதில் பொருள் இல்லை. வைப்புத்தொகையைவிடக் கடன் அதிகமாகப் புழங்கும் மாநிலம் தமிழ்நாடு. இங்கே கிளையின் மதிப்பை வரிசையில் நிற்பவர்களின் தலையை எண்ணி அளப்பது தவறான அளவுகோல். அந்தக் கிளையில் எத்தனை சிசி கணக்குகள், எத்தனை முத்ரா கடன்கள், எவ்வளவு நகைக்கடன், நடப்புக் கணக்குகளில் மாதம் எவ்வளவு ரொக்கம் கட்டப்படுகிறது என்பவையே மூடும் முன் பார்க்க வேண்டிய எண்கள். இவை வங்கியின் கணினியிலேயே இருக்கின்றன.

இவற்றைக் கேட்டுப் பெறும் அமைப்பும் புதிதாக வேண்டியதில்லை. 1969இல் தொடங்கிய முன்னோடி வங்கித் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஆலோசனைக் குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. முன்னோடி வங்கி மேலாளர் அதை ஒருங்கிணைக்கிறார். மாநில அளவிலான வங்கியாளர் குழுவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கூட்டுகிறது. ஒப்புதல் தேவைப்படும் வரையறையில் சிறு நகரக் கிளைகள் அனைத்தையும் சேர்ப்பதும், மூடல் கோரிக்கை வரும்போது உள்ளூர் வணிகர் சங்கத்தை அழைத்துக் கேட்பதும் ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடியவை. மூடிய கிளையின் கடன் கணக்குகளுக்கு, ஏற்கும் கிளையில் பெயர் குறித்து ஓர் அதிகாரியை இரண்டு ஆண்டுகளுக்காவது பொறுப்பாக்கலாம். வாரச் சந்தை நாளில் அவர் பழைய ஊருக்கு வந்து உட்கார ஓர் அறை போதும். பெட்டகமோ கவுன்டரோ தேவையில்லை. குறிப்பிட்ட தொகை வரை புதுப்பித்தலையும் தற்காலிகக் கூடுதல் வரம்பையும் மண்டல மையத்துக்கு அனுப்பாமல் அவரே முடிக்கும் அதிகாரம் இருந்தால், தீபாவளிச் சரக்குக்கான விண்ணப்பம் தீபாவளிக்கு முன்பே பைசலாகும்.